கறிக்கோழி கம்பெனிக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்: கால் விழுந்த கோழிக்குத் தரையில பரப்புன லிட்டரை மட்டும் குறை சொல்லாதீங்க

வணக்கமுங்க.

பல்லடம், பொங்கலூர், உடுமலை சைடுல கம்பெனிக்குக் கோழி வளர்த்துக் குடுக்குற பண்ணைக்காரங்கள்ல நானும் ஒருத்தன். இது எந்த ஒரு கம்பெனி பேரையும் சொல்லி எழுதுற புகார் இல்லீங்க. குஞ்சு, தீவனம், மருந்து மூணும் உங்ககிட்ட இருந்து வந்து, ஷெட்டு, கரண்டு, தண்ணி, ஆளு நாலும் எங்ககிட்ட இருந்து போயி, கடைசிக் கணக்கை மட்டும் உங்க ஆபீஸ்ல போடுற இந்த ஒப்பந்த முறையை நடத்துற எல்லா நிர்வாகத்துக்கும், முக்கியமா டெக்னிக்கல் டீம்ல இருக்குற டாக்டருங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன். விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், நாலாவது வாரத்துக்கு மேல கால் விழுந்து உக்காந்துர்ற கோழி.

அது எப்படி ஆரம்பிக்கும்னு உங்களுக்குத் தெரியாம இல்லை. முதல் மூணு வாரம் எந்தக் குறையும் இருக்காது, வெயிட்டு சார்ட்டை விட மேலயே போகும், சூப்பர்வைசரும் சந்தோசமா கார்டுல எழுதிட்டுப் போவாரு. முப்பது நாள் தாண்டுனதும் காலையில ஷெட்டுக்குள்ள நடந்தா எல்லாக் கோழியும் விலகி ஓடும், அங்கங்க ஒண்ணு ரெண்டு மட்டும் ஓடாது. தட்டி விட்டா எந்திரிக்கும், ரெண்டு ரெக்கை நுனியையும் தரையில ஊனி நாலு அடி வெச்சுட்டு மறுபடி உக்காந்துக்கும். தண்ணி குடிக்கிற நிப்பிள் எட்டாது, ஃபீடருக்குப் போக முடியாது, கண்ணு தெளிவா இருக்கும், கொண்டை செகப்பா இருக்கும், நெஞ்சுல கறி நல்லா இருக்கும், ஆனா ரெண்டு மூணு நாள்ல செத்துப் போகும், இல்லை நாமளே எடுத்துப் போடணும். கோழி புடிக்க வர்ற லோடு வண்டிக்காரன் அதைத் தொடவே மாட்டான்.

இதை சூப்பர்வைசர்கிட்ட சொன்னா வர்ற பதில் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் (ஷெட்டுத் தரையில மெத்தையா பரப்புற மஞ்சியைத்தான் லிட்டர்னு சொல்றது). "லிட்டர் ஈரம்ணா, மஞ்சியைக் கிளறி விடுங்க." பேட்ச் முடிஞ்சு கணக்கு வரும்போது மொர்டாலிட்டி (செத்த கோழிக் கணக்கு) அதிகம், எஃப்சிஆர் (ஒரு கிலோ எடைக்குத் தின்ன தீவனம்) அதிகம்னு வளர்ப்புக் கூலியில கை வெப்பீங்க. அந்தப் பையனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லீங்க, அவனுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பண்ணை, அவன் கையில இருக்குறது தெர்மாமீட்டரும் தராசும். நான் கேக்குறது மேல இருக்குறவங்களை. அந்தக் கோழியோட இடுப்பு மூட்டை வெட்டிப் பார்த்தீங்களா?

என் அண்ணன் பொண்ணு நாமக்கல் கால்நடை மருத்துவக் காலேஜ்ல படிக்குது. லீவுக்கு வந்தப்ப அதுதான் இப்படிப் போன கோழியை அறுத்துக் காட்டுச்சு. இதுவரைக்கும் எங்களுக்கு போஸ்ட்மார்ட்டம்னா வயித்தை அறுத்து ஈரல், குடல், மண்ணீரல் பார்க்குறது, அவ்வளவுதான். கால்ல நோயை வெச்சுக்கிட்டு வயித்துல தேடுனா என்னங்க கிடைக்கும். தொடையைப் பின்னால மடக்கி இடுப்புக் குழியில இருந்து எலும்பைக் கழட்டுனா, நல்ல கோழியில தொடை எலும்போட தலை வெள்ளையா வழுவழுன்னு குருத்தெலும்போட முழுசா வந்துரும். கால் விழுந்த கோழியில அந்தக் குருத்தெலும்பு மூடி குழியிலயே தங்கிருச்சு, எலும்பு மட்டும் மொட்டையா வந்துச்சு. இன்னொண்ணுல அந்த எலும்போட கழுத்துப் பக்கமே பொடிஞ்சு நொறுங்கிக் கருத்திருந்துச்சு. முழங்காலுக்குக் கீழ இருக்குற எலும்போட மேல் முனையை நீளவாக்குல பிளந்தா உள்ள மஞ்சளா கட்டிச் சீழு. வெளிய தோல்ல ஒரு காயம் இல்லை, பாதத்துல புண்ணு இல்லை. அப்ப ஈர லிட்டர் எங்க இருந்துங்க வந்துச்சு இதுக்குள்ள?

இதுக்கு பாக்டீரியல் காண்ட்ரோநெக்ரோசிஸ் வித் ஆஸ்டியோமைலைடிஸ்னு பேரு, அதாவது பாக்டீரியாவால குருத்தெலும்பும் எலும்பும் அழுகுறது, சுருக்கமா பிசிஓ-ன்னு சொல்லுவாங்க, பழைய ஆளுங்க ஃபீமோரல் ஹெட் நெக்ரோசிஸ்னு சொல்லுவாங்க. புது நோயெல்லாம் இல்லீங்க, 1972-லயே ஆஸ்திரேலியாவுல இதை விவரிச்சு எழுதிட்டாங்க. அதுக்கப்புறம் வட அயர்லாந்துல, அமெரிக்காவுலன்னு நிறைய வேலை நடந்திருக்கு. அமெரிக்காவுல ஆர்கன்சா யுனிவர்சிட்டியில ராபர்ட் வைட்மேன்னு ஒரு விஞ்ஞானி வருசக்கணக்கா இதை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ணியிருக்காரு. அவரு சொல்ற காரணத்தை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்றேன், உங்க டாக்டருங்களுக்கு இது தெரிஞ்சதாத்தான் இருக்கும், ஆனா எங்ககிட்ட யாரும் சொன்னதில்லை.

குஞ்சு இறங்கும்போது நாப்பது கிராம் சொச்சம். அஞ்சு வாரத்துல ரெண்டு கிலோ, அதாவது அம்பது மடங்கு. அந்த எடையைத் தாங்குற கால் எலும்பு ஆறு வாரத்துக்குள்ள சுமார் நாலு மடங்கு நீளமாகணும், தடிமனும் ஏறணும். எலும்பு வளர்றது ரெண்டு முனையிலயும் இருக்குற குருத்தெலும்புத் தட்டுல. அது முதல்ல குருத்தா வளர்ந்து, பின்னால ரத்தக்குழாய் வந்து, அப்புறம் சுண்ணாம்பு ஏறி எலும்பா இறுகணும். இதுக்கு நேரம் வேணும். நெஞ்சுக் கறி அந்த நேரத்தைக் குடுக்கிறதில்லை. நேத்து ஊத்துன காங்கிரீட் மேல இன்னிக்கு லோடு லாரியை ஏத்துன கதைதான். குருத்துல கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுது, அந்த இடத்துல மெல்லிசா இருக்குற ரத்தக்குழாயும் நசுங்கியோ அறுந்தோ போகுது. தொடை எலும்போட தலை, முழங்காலுக்குக் கீழ எலும்போட மேல் முனை, முதுகெலும்புல நடுவுல தனியா அசையுற அந்த ஒரு கண்ணி, இந்த மூணு இடத்துலதான் சுமையும் முறுக்கும் ஜாஸ்தி, நோய் வர்றதும் இதே மூணு இடத்துலதான்.

விரிசல் மட்டும் இருந்தா அது பாட்டுக்கு ஆறிரும். கோழி ரத்தத்துல அந்த நேரம் பாக்டீரியா சுத்திக்கிட்டு இருந்தாத்தான் வினை. வளர்ற எலும்போட முனையில இருக்குற ரத்தக்குழாய்ங்க சுவர் ஓட்டை ஓட்டையா இருக்கும், ரத்தம் மெதுவா ஓடும், பாக்டீரியா அது வழியா வெளிய கசிஞ்சு விரிசலுக்குள்ள உக்காந்துக்கும். அங்க ரத்த ஓட்டம் செத்துப்போன இடம், கோழியோட எதிர்ப்பு அணுக்களும் போக முடியாது, நீங்க தண்ணியில கலந்து குடுக்குற மருந்தும் போய்ச் சேராது. பாக்டீரியா பெருகப் பெருக எலும்பு அழுகும், அழுக அழுக இன்னும் கொஞ்சம் ரத்தக்குழாய் அடைபடும். இதுல முக்கியமா ஒண்ணு, நல்லா நடக்குற கோழியை அறுத்துப் பார்த்தாலும் நிறையக் கோழியில இந்தப் புண்ணு ஆரம்பிச்சிருக்குமாம். அப்ப நாங்க நொண்டின்னு கணக்கு சொல்றதை விட ஷெட்டுக்குள்ள நோய் அதிகமாவேதான் இருக்கு.

வைட்மேன் இதை நிரூபிச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சதுங்க. கோழியை லிட்டர் மேல விடாம கம்பி வலைத் தளத்து மேல வளர்த்தாரு. கம்பி மேல நிலையா நிக்க முடியாம கால் மூட்டுல முறுக்கு விழுந்துக்கிட்டே இருக்கும், கோழிக்கும் டென்சன். லிட்டர் மேல வளர்ந்ததை விடக் கம்பி மேல நொண்டி பல மடங்கு ஏறுச்சு. எந்த ஊசியும் போடலை, எந்தக் கிருமியையும் வெளிய இருந்து குடுக்கலை, கோழி உடம்புல ஏற்கனவே இருந்த பாக்டீரியாவே போதுமானதா இருந்துச்சு. அதாவது கம்பித் தளத்துல ஈர லிட்டருக்கே இடமில்லை, நோய் மட்டும் வந்துருச்சு. உங்க சூப்பர்வைசருக்கு இதை யாராவது சொல்லுங்க.

சரி, அந்த பாக்டீரியா எங்க இருந்து வருது. கணக்குல நாங்க சரிக்குச் சரி பேச வேண்டிய இடமே இதுதான். ஒரு கிருமி மட்டும் இல்லை, ஊருக்கு ஊரு மாறுது. வட அயர்லாந்துல ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அதிகம் கிடைச்சது, 1990-கள்ல அவங்க அதைத் தேடி, குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி வரைக்கும் போனாங்க, அங்கயும் அந்தக் குடும்பத்துக் கிருமிங்க இருந்துச்சு. ஆர்கன்சாவுல ஸ்டஃபைலோகாக்கஸ் அக்னெட்டிஸ்னு ஒண்ணு. அது முன்னாடி மாட்டு மடிநோய்ல பார்த்த கிருமி, கோழி எலும்புல இருந்து எடுத்து, திருப்பி வேற கோழிங்களுக்கு மூணாவது வாரத்துல குடிதண்ணியில ரெண்டு நாள் கலந்து குடுத்தாங்க, கம்பித் தளத்துல இருந்ததுல பாதிக்கு மேல நொண்டியாயிருச்சு. அதே ஷெட்டுல அந்தத் தண்ணியைக் குடிக்காத பக்கத்துக் கோழிக்கும் பரவுச்சு. இ கோலை பல இடத்துல. முதுகெலும்புல உக்கார்றது பெரும்பாலும் என்டெரோகாக்கஸ் சீக்கோரம், கோழி குடல்ல சாதாரணமா இருக்குற ஜாதிதான், ஆனா அதுல ஒரு முரட்டு ரகம் முதல் ரெண்டு மூணு வாரத்துலயே ரத்தத்துல ஏறிருது. 2002-ல ஸ்காட்லாந்துலயும் நெதர்லாந்துலயும் தெரிய ஆரம்பிச்சு அப்புறம் பல நாட்டுக்கும் தலைவலி ஆனது. கோழி ரெண்டு காலையும் முன்னால நீட்டிக்கிட்டுப் பின்னால சாஞ்சு உக்காந்திருந்தா இதைச் சந்தேகப்படணும்.

ரத்தத்துல ஏறுற வழி ரெண்டு மூணுதான். குடல் சுவர் பலவீனமாகும்போது குடல் வழியா. அம்மோனியாவும் தூசியும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்போது மூச்சு வழியா. அப்புறம் தொப்புள் வழியா, அதாவது ஹேச்சரியிலயே. தொப்புள் ஆறாத குஞ்சு, வயிறு ஊதுன குஞ்சு, அழுக்கு முட்டையில பொரிச்ச குஞ்சு, தரையில கிடந்த முட்டையைக் கழுவி, அடைகாக்குற செட்டர் மெஷினுக்குள்ள வெச்சு எடுத்த குஞ்சு, இதெல்லாம் எங்க ஷெட்டுல பொறக்குறது இல்லீங்களே. முதல் வாரத்துல ரெண்டு மூணு பர்சென்ட் செத்துப் பெட்டியில வந்த சோடையெல்லாம் கழிஞ்சுதுன்னு நினைச்சிருப்போம், அதே குஞ்சுங்களோட கூடப் பொறந்தது கிருமியை உள்ள வெச்சுக்கிட்டே வளர்ந்து, எலும்புல விரிசல் விழுற நேரம் வந்ததும் உக்காந்துருது. அஞ்சாவது வாரத்துல தெரியுற நோய்க்கு விதை முதல் வாரத்துல, சில சமயம் அதுக்கும் முன்னாடி தாய்க்கோழிப் பண்ணையில விழுந்திருக்குங்கறதுதான் நான் சொல்ல வர்றது.

எங்க பங்கே இல்லைன்னு சொல்லலை. நிப்பிள் லைன்ல வழவழன்னு பாசி பிடிச்சு அதைக் கழுவாம அடுத்த பேட்ச்சை இறக்குனா அது பண்ணைக்காரன் பொறுப்பு. கோடையில ஷெட்டுப் பக்கவாட்டுல தொங்குற படுதாவை நேரத்துக்குத் தூக்காம கோழி மூச்சு வாங்குனா குடல் கெடும், அதுவும் நாங்கதான். மழைக்காலத்துல குளிருதுன்னு படுதாவை இறக்கி மூடி உள்ள கண்ணு எரியுற அளவுக்கு அம்மோனியா நின்னா, அங்க நாம பத்து நிமிசம் நிக்க முடியலைன்னா கோழி இருபத்தி நாலு மணி நேரம் எப்படிங்க நிக்கும். ஈர லிட்டரும் கெடுதல்தான், பாதத்துல புண்ணு வரும், முட்டியில கருப்புத் தழும்பு வரும், அந்தப் புண்ணு வழியாவும் கிருமி ஏறலாம். அதனால கிளறுறதை நிறுத்துறேன்னு சொல்லலை. எல்லாத்துக்கும் அது ஒண்ணையே காரணம்னு கார்டுல எழுதாதீங்கன்னுதான் சொல்றேன்.

உங்க கையில மட்டும் இருக்குற விஷயம் ரெண்டு இருக்கு, ரகமும் தீவனமும். ரகத்தைப் பத்தி கனடாவுல ஆல்பர்ட்டா யுனிவர்சிட்டிக்காரங்க 2014-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. 1957-லயும் 1978-லயும் இருந்த பழைய கோழி ரகத்தை மாத்தாம அப்படியே வெச்சிருந்து, 2005-ம் வருச ரகத்தோட சேர்த்து ஒரே தீவனம் போட்டு வளர்த்திருக்காங்க. 56 நாள்ல 1957 ரகம் 905 கிராம், 1978 ரகம் 1808 கிராம், 2005 ரகம் 4202 கிராம். தீவனம் ஒண்ணு, வளர்த்த இடம் ஒண்ணு, வித்தியாசம் முழுக்க ரகத்துலதான். (ஊருக்குள்ள இன்னமும் பிராய்லர்க்கு ஹார்மோன் ஊசி போடுறாங்கன்னு பேசிக்கிட்டுத் திரியுறாங்க பாருங்க, அவங்களுக்கும் இந்தக் கணக்கைக் காட்டலாம், அஞ்சாயிரம் கோழிக்கு எவன் ஊசி போடுவான்.) ரகத்தை நாளைக்கே மாத்துங்கன்னு கேக்குற அளவுக்கு நான் வெவரம் இல்லாதவன் இல்லை. ஆனா எலும்பு தாங்காத வேகத்துல வளர்ற கோழியைக் குடுத்தது யாருன்னு கணக்குப் பார்க்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.

தீவனத்துல கால்சியம், பாஸ்பரஸ், டி3 வைட்டமின் இந்த மூணும் சரியான அளவுல சரியான விகிதத்துல இருக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் ஒண்ணு கூடுனாலும் எலும்பு சரியா இறுகாது. விலை ஏறும்போது ஃபார்முலாவுல எங்க கை வெப்பாங்கன்னு எங்களுக்கும் தெரியும். மழைக்காலத்து மக்காச்சோளத்துல பூஞ்சை நஞ்சு ஏறுனா ஈரலும் எதிர்ப்புச் சக்தியும் கெட்டு, டி3 உடம்புல ஒட்டாம போகும். மூட்டையை அவுத்தா பூசண வாசம் அடிக்குதுன்னு போன் பண்ணா "எல்லாப் பண்ணைக்கும் அதுதான்ணா போகுது"ன்னு ஒரு பதில். ஆர்கன்சாவுலயே 25-ஹைட்ராக்சி டி3-ன்னு வைட்டமினோட இன்னொரு வடிவத்தைத் தண்ணியில குடுத்துப் பார்த்ததுல நொண்டி குறைஞ்சிருக்கு, சில புரோபயாட்டிக்கை, அதாவது குடலுக்கு நல்லது பண்ற பாக்டீரியாவை, முதல் நாள்ல இருந்தே தீவனத்துல குடுத்தப்பவும் குறைஞ்சிருக்கு. ரெண்டுமே நொண்டி வர்றதுக்கு முன்னாடி குடுக்க வேண்டியது, கால் விழுந்தப்புறம் பாட்டிலை அனுப்பி வெச்சுப் பிரயோஜனம் இல்லை.

இப்ப லைட்டு விஷயம். ராத்திரி முழுக்க லைட்டு எரியணும், கோழி தின்னுக்கிட்டே இருக்கணும்னு சொல்றது உங்க ஆளுங்கதான். கரண்டு பில்லு நாங்க கட்டுறோம் அது வேற. ஐரோப்பிய யூனியன் 2007-ல போட்ட சட்டத்துல முதல் வாரத்துக்கப்புறம் ஒரு நாளைக்கு மொத்தம் ஆறு மணி நேரமாவது இருட்டு குடுக்கணும், அதுல நாலு மணி நேரம் விடாம இருக்கணும்னு எழுதியே வெச்சிருக்காங்க. இங்கிலாந்துல 51,000 கோழியை நடக்க விட்டுப் பார்த்து 2008-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. சுமார் நாப்பது நாள் வயசுல 27.6 சதவீதம் கோழி மோசமா நடந்துச்சு, 3.3 சதவீதம் கிட்டத்தட்ட நடக்கவே முடியாத நிலைமை. இருட்டு நேரம் குறைவா இருந்த ஷெட்டு, நெருக்கி அடைச்ச ஷெட்டு, இதுலயெல்லாம் நடை இன்னும் மோசம்னு அதே ஆராய்ச்சி சொல்லுது, ரகத்துக்கு ரகமும் வித்தியாசம் இருந்துச்சு. ராத்திரி நாலஞ்சு மணி நேரம் லைட்டை அணைச்சா முதல் மூணு வாரம் வெயிட்டு சார்ட்டுல கொஞ்சம் பின்னால நிக்கும், உண்மைதான். கடைசி வாரத்துல உக்கார்ற கோழி குறைஞ்சா அது ஈடாயிரும். ஆனா வாராவாரம் வெயிட்டு எடுத்து மேல அனுப்ப வேண்டிய சூப்பர்வைசர் அதை எப்படி ஒத்துக்குவான், நீங்க எழுத்துல குடுத்தாத்தானே.

மருந்தைப் பத்திச் சொல்லாம விட முடியாது. கால் விழுந்துச்சுன்னதும் என்ரோஃப்ளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் பாட்டில் வந்துரும், மூணு நாள் அஞ்சு நாள் தண்ணியில ஓட்டுன்னு சொல்லுவாங்க. ரத்தத்துல இருக்குற கிருமி குறையும், புதுசா விழுறது கொஞ்சம் தள்ளிப் போகலாம், ஆனா ஏற்கனவே உக்காந்த கோழி எந்திரிக்காது, ஏன்னா அழுகுன எலும்புக்குள்ள மருந்து போறதுக்கு வழியே இல்லைன்னு மேல சொன்னேனே. உக்காந்த கோழி தண்ணி குடிக்கவே போறதில்லை, அதுக்கு மருந்து எப்படிப் போகும்னும் யோசிக்கணும். அதே மருந்தை அமெரிக்காவுல 2005-லயே கோழிக்குக் குடுக்கக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, மனுசனுக்கு வேலை செய்யாம போயிரும்னு. நம்ம கவர்மென்டும் 2019-ல கொலிஸ்டின்ங்கற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கைக் கோழிக்கும் தீவனத்துக்கும் தடை பண்ணுச்சு. கோழிக்கு முப்பத்தஞ்சு நாள் வயசு ஆனப்புறமும் மருந்து ஓட்டிட்டு நாலாவது நாள் லோடு ஏத்துனா அந்தக் கறி யார் வீட்டுக்குப் போகுது, நம்ம வீட்டுக்கும்தான் போகுது. கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும்னு லேபுல கிருமியை வளர்த்து, அதாவது கல்ச்சர் பண்ணிப் பார்க்காம பாட்டிலை அனுப்புறதை வைத்தியம்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

கால் விழுறதெல்லாம் இந்த ஒரே நோய்தான்னும் இல்லை. ரிக்கெட்ஸா இருந்தா எலும்பு வளையும், அது சின்ன வயசுலயே தெரியும். டிபியல் டிஸ்காண்ட்ரோபிளேசியான்னு குருத்தெலும்பு இறுகாம கட்டியா நின்னுர்றது ஒண்ணு, ரியோ வைரஸ்ல தசைநார் வீங்குறது ஒண்ணு, மைக்கோபிளாஸ்மா சைனோவியேல மூட்டு வீங்கித் தண்ணி கோத்துக்குறது ஒண்ணு, கால் வெளிப்பக்கமா கோணிக்கிறது இன்னொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் காரணமும் வேற, செய்ய வேண்டியதும் வேற. ரியோன்னா தாய்க்கோழிக்குத் தடுப்பூசி ஒழுங்கா போட்டாங்களான்னு பார்க்கணும், ரிக்கெட்ஸ்னா தீவன மில்லைப் பார்க்கணும். எல்லாத்தையும் "லெக் வீக்னஸ்"னு ஒரே வார்த்தையில எழுதிட்டுப் போறதால எந்தக் காரணமும் வெளிய வர்றதே இல்லை, அது யாருக்கு வசதின்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூலிக் கணக்குக்கு வர்றேன். ஒரு உதாரணத்துக்கு அஞ்சாயிரம் கோழி, கடைசி வாரத்துல மூணு பர்சென்ட் கால் விழுந்து போச்சுன்னு வைங்க, 150 கோழி. ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ கிட்ட வந்துருச்சு, 1.6 எஃப்சிஆர்னா ஒரு கோழி 3.2 கிலோ தீவனம் தின்னுருச்சு. 150 கோழிக்கு 480 கிலோ தீவனம் குழிக்குள்ள போச்சு. மிச்சம் 4850 கோழி ரெண்டு கிலோ வீதம் 9700 கிலோ, அது மேல இந்த 480-ஐ ஏத்துனா எஃப்சிஆர் 0.05 ஏறிருது. இதே 150 உருப்படி அஞ்சாவது நாள்ல குஞ்சாவே செத்திருந்தா தீவனத்துல அது தெரியவே தெரியாது. ஆக லேட்டா சாகுற கோழிதான் எங்க கூலியை ரெண்டு பக்கமும் வெட்டுது, மொர்டாலிட்டியிலயும் வெட்டுது எஃப்சிஆர்லயும் வெட்டுது. அதோட காரணத்துல பெரும்பங்கு ரகம், ஹேச்சரி, தீவனம், லைட்டு உத்தரவுன்னு உங்க பக்கம் இருக்கு. உங்களுக்கும் நட்டம்தான்னு சொல்லுவீங்க, ஆமாங்க, ஆனா உங்க நட்டம் ஆயிரம் பண்ணைக்கும் சேர்த்து சராசரியாகிப் போகும், எனக்கு அந்த ஒரு ஷெட்டுதான்.

கோழியோட வலியைப் பத்திப் பேசுனா நம்ம தொழில்ல சிரிப்பாங்க. சிரிக்கட்டும். இங்கிலாந்துல 2000-ல ஒரு ஆராய்ச்சியில சாதாரணத் தீவனத்தையும் வலி மருந்து கலந்த தீவனத்தையும் ரெண்டு கலர்ல வெச்சாங்க, நல்லா நடக்குற கோழியை விட நொண்டிக் கோழி வலி மருந்து கலந்த தீவனத்தைத் தேடி அதிகமா தின்னுச்சு, நொண்டி அதிகமாக அதிகமாக அது தின்ன அளவும் கூடுச்சு. அதுக்கு வலிக்குதுங்கறதுக்கு இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும். உக்காந்த கோழியை நாலு நாள் அப்படியே போட்டு வெச்சு, லோடு அன்னிக்குக் கம்மி விலைக்கு எவனாவது கேப்பான்னு காத்திருக்கிறதும் நம்ம ஊர்ல நடக்குது, அதை நிறுத்தச் சொல்லி உங்க தரப்புல இருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. மத்திய சட்ட ஆணையம் 2017-ல 269-வது அறிக்கையில கறிக்கோழி வளர்ப்புக்கும் விதிமுறை வேணும்னு வரைவே எழுதிக் குடுத்துச்சு. சட்டம் வந்து குச்சியை எடுக்குறதுக்கு முன்னாடி நாமளே பண்ணிட்டா மரியாதையா இருக்கும்.

நான் கேக்குறது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லீங்க. பண்ணைக் கார்டுல செத்தது எத்தனைன்னு ஒரே கட்டம்தான் இருக்கு, கால் விழுந்து எடுத்தது எத்தனைன்னு தனியா ஒரு கட்டம் போடுங்க, நாலாவது வாரத்துல இருந்து தினமும் நாங்க எழுதுறோம். ஆயிரத்துக்கு இத்தனைக்கு மேல போனா உங்க டாக்டர் நேர்ல வந்து, பண்ணைக்காரன் கண்ணு முன்னாடி குறைஞ்சது பத்துக் கோழியோட இடுப்பையும் முழங்காலையும் முதுகெலும்பையும் அறுத்துப் பார்த்து, என்ன இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு காப்பி எங்களுக்குத் தரணும். எலும்புல இருந்து சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பணும், நாமக்கல்லயும் உடுமலையிலயும் கால்நடை மருத்துவக் காலேஜ் இருக்கு, உங்க சொந்த லேபை மட்டும் நம்புங்கன்னு எங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். எந்தத் தாய்க்கோழிப் பண்ணை, எந்த ஹேச்சரி, எந்தத் தேதி முட்டையை அடை வெச்சதுங்கறதை டெலிவரி சலான்ல எழுதுங்க, அப்பதான் ஒரே ஹேச்சரிக் குஞ்சு எடுத்த நாலு பண்ணையில நாலுலயும் கால் விழுந்துச்சான்னு நாங்களும் போன் போட்டுக் கேட்டுக்க முடியும். (இதைத்தான் நீங்க குடுக்க மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் கேட்டு வெக்கிறேன்.) ராத்திரி இருட்டு நேரம் எத்தனைன்னு மேனேஜ்மென்ட் சார்ட்டுல அச்சடிச்சே குடுங்க, சூப்பர்வைசர் வாய்மொழியா மாத்தக் கூடாது.

அப்புறம் கூலி. அறுத்துப் பார்த்ததுல எலும்பு அழுகல்னு எழுதுன கோழியை மொர்டாலிட்டி பிடித்தத்துல இருந்தும் எஃப்சிஆர் கணக்குல இருந்தும் கழிச்சுடணும். ஷெட்டுல அம்மோனியா, தண்ணி லைன்ல பாசி, படுதா கிழிசல்னு எங்க குறை இருந்தா அதையும் அதே பேப்பர்ல எழுதுங்க, அந்தப் பங்கை நாங்க ஏத்துக்குறோம். கூலி உயர்வு கேட்டு நாங்க ரோட்டுல உக்கார்றது தனிக் கதை, இதை அதோட சேர்த்துப் பேசி மழுப்ப வேண்டாம்.

எங்க பக்கத்துப் பண்ணைக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை, இந்த மடலைப் படிச்சுட்டு சும்மா ஷேர் பண்ணாதீங்க. அடுத்த முறை கால் விழுந்த கோழியைக் குழியில போடுறதுக்கு முன்னாடி கையுறை மாட்டிக்கிட்டு அந்தத் தொடையைக் கழட்டி எலும்போட தலையை போட்டோ எடுங்க, தேதி தெரியுற மாதிரி, கார்டையும் பக்கத்துல வெச்சு. கணக்கு பேசப் போகும்போது அந்த போட்டோவை ஆபீஸ் டேபிள்ல வெச்சுட்டுப் பேச ஆரம்பிக்கலாம்.

கம்பெனிக்காரங்க பதிலை எழுத்துல எதிர்பார்க்கிறேனுங்க. போன்ல கூப்பிட்டு "உங்க பண்ணைக்கு மட்டும் பார்த்து செஞ்சுர்றோம்ணா"ன்னு சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழி வளர்ப்பாளர் ஒருத்தர்